நோயாளி முடிக்கவில்லை

அம்மாவின் வயிற்றுப்புண் எதனால் வந்தது என்பதில், ரொறன்ரோவில் நாங்கள் இருந்த மல்வேர்ன் பகுதியில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அது யோசனையால், மனக்கவலையால் வந்தது. அண்ணா இலங்கையில், போர் நடந்த வன்னியில் நின்றுவிட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார். கடிதம் வந்தால் வரும். வராவிட்டால் ஐந்தாறு மாதத்துக்கு வராது. ஒரு புண்ணுக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? கூட வேலைக்குப் போகும் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். கோயிலில் கண்டவர்கள் சொன்னார்கள். எங்கள் குடும்ப டொக்டரும் அதையே சொன்னார். டொக்டரின் வாயால் வந்த பிறகு, தன் சாதகத்தில் எழுதியிருந்ததைப் போல அம்மா அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு மிசிசாகாவில் வேலை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்குவது. விடியுமுன் ஒரு வான் வண்டி வந்து மல்வேர்னில் ஏழெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஒரு தட்டுக்கு ஒரு பாண், ஒரு வெண்ணெய்க் கட்டி, ஒரு கேக் துண்டு. யாரோ வானத்தில் இருந்து சாப்பிடுவதற்காக நாள் முழுக்க அடுக்கிவிட்டு, தான் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து விழுங்குவார். தொண்ணூற்று நாலில் ஒருநாள் அந்த வேலைத்தலத்திலேயே இரத்தமாகச் சத்தியெடுத்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் வாய்க்குள்ளால் கமரா விட்டுப் பார்த்துப் புண் இருக்கிறது என்றார்கள். இரத்தம் ஏற்றினார்கள். "இன்னொரு முறை இப்படி இரத்தம் போனால் காப்பாற்றுவது கஷ்டம்" என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியவள் நான். எனக்குப் பதினாறு வயது. மற்ற எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் மாற்றி, "கவனமாய் இருக்கட்டாம்" என்றேன்.

அதற்குப் பிறகு குடும்ப டொக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அமிலத்தைக் குறைக்கும் குளிசையை எழுதிக் கொடுப்பார். கூடவே இரண்டு புத்தி சொல்வார். உறைப்பைக் குறையுங்கோ. யோசிக்காதேங்கோ. அம்மா முதலாவதைச் செய்தார்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அம்மாவின் ஊரில், அம்மாவின் ஆட்கள் படிப்பதை விரும்பாதவர்கள்தான் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். அம்மா ஒரே ஒரு நாள் போனார். வாங்கில் இருக்க விடாமல் நிலத்தில் இருத்தினார்கள். அடுத்த நாள் அம்மா போகவில்லை. நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துபோன அப்பா அந்த ஒரு நாளும் போகாதவர். அண்ணா பள்ளி வயதிலேயே கூலி வேலைக்குப் போனவர்; அவருடைய கடிதங்களை வேறு யாரோதான் எழுதிக் கொடுப்பார்கள். ஆகவே நான் ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்துக்குள் நடந்து போனபோது எனக்குப் பெருமை இருந்தது. அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

தொண்ணூற்று ஏழில், இரண்டாம் ஆண்டில், நகரின் நடுவே ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வு அறையில் பகுதிநேர வேலை கிடைத்தது. ஜன்னல் இல்லாத அறை. பெயரை மறைத்த நோயாளிகளின் பைல்கள் தள்ளுவண்டியில் வரும். எல்லாம் வயிற்றுப்புண்காரர்களின் பைல்கள். அநேகமான வயிற்றுப்புண்களுக்குக் காரணம் இரைப்பையில் குடியிருக்கும் ஒரு பக்டீரியா. அது இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இருந்தால் கிருமிகொல்லி மருந்துகளைச் சேர்த்து ஒன்றிரண்டு கிழமை கொடுக்க வேண்டும். கிருமி செத்தால் புண் மாறும், திரும்பி வராது. இதைச் சொல்லும் சிகிச்சை வழிகாட்டி டொக்டர்மாரின் கைகளுக்குப் போய்ச் சில காலம் ஆகியிருந்தது. அவர்கள் அதன்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பைலுக்கு ஒரு படிவம். சோதித்தாரா? கிருமி இருந்ததா? மருந்து கொடுத்தாரா? சரியான மருந்தா, சரியான நாட்களா? சுகம் வரவில்லை என்றால் காரணம் என்ன?

எத்தனை பேர் அதன்படி நடந்தார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. முழுக் கணக்கை எனக்குக் காட்டவும் இல்லை. காரணங்கள்தான் நினைவில் நிற்கின்றன. 'மன அழுத்தம்.' 'உணவுப் பழக்கம்.' 'கவலைப்படும் சுபாவம்.' ஒவ்வொரு காரணத்துக்கும் படிவத்தில் ஓர் இலக்கம் உண்டு. நாலாம் இலக்கம்: 'நோயாளி முடிக்கவில்லை.' அதாவது டொக்டர் சரியாகக் கொடுத்தார், நோயாளி பாதியில் விட்டுவிட்டார். நாலைப் போட்டுவிட்டு அடுத்த பைலை எடுப்பேன். அதில் நின்று யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் டொக்டர்மாரின் கிறுக்கெழுத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வாசிக்கப் பழகிவிட்டேன்.

ஆனால் 'மன அழுத்தம்' என்ற காரணத்துக்குரிய இலக்கத்தைப் போடும்போதெல்லாம் எனக்குக் கை நின்றது. கமராவில் புண் தெரிந்திருக்கிறது, இரத்தம் போயிருக்கிறது, கிருமியைச் சோதிக்கவில்லை, காரணம் மன அழுத்தம். அது பெயர் மறைத்த யாரோ ஒருவரின் பைல். என் அம்மாவின் பைலும் அப்படித்தான் இருக்கும்.

அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் முன்னர் தாதியாக இருந்த ஒரு ஸ்கொட்லாந்துப் பெண். வழிகாட்டியின் சுருக்கம் ஒரு பக்கத் தாள். அதைப் பிரதி எடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமாக எடு. அது இரகசியம் இல்லை, எல்லா டொக்டருக்கும் அனுப்பியாயிற்று. அப்படியும் அதன்படி நடக்கிறார்கள் இல்லை என்றுதானே இங்கே இருந்து அழுதுகொண்டிருக்கிறோம்" என்றார்.

அன்று பின்னேரம் அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். தாளை மேசையில் வைத்துச் சொன்னேன்.

"வயித்துக்குள்ளை புழுவோ?" என்றார் அம்மா.

"புழு இல்லை அம்மா, கிருமி. கண்ணுக்குத் தெரியாது."

"அவ்வளவு பெரிய கமரா விட்டவங்கள். ஏன் தெரியேல்லை?"

"அவை அதைத் தேடேல்லை."

"டொக்டர் ஐயாவுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்."

"ஓம், தெரியும்."

அம்மா கத்தியை வைத்தார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் குரல் இறங்கியிருந்தது. "உந்தப் புண் குளிசையிலை மாறினா சனம் என்ன சொல்லும்? பெடியனை மறந்திட்டாள் எண்டு சொல்லும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் புண் அண்ணாவின் இடத்தில் இருந்திருக்கிறது. அதைப் போக்கச் சொல்கிறேன் நான்.

"அண்ணாவை யோசிக்கிறதுக்கு வயித்திலை புண் வேணும் எண்டு ஆர் சொன்னது?" என்றேன். "திரும்ப ரத்தம் போனா நீங்கள் தப்பமாட்டியள் எண்டு அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை சொன்னவை அம்மா. நான் உங்களுக்கு மாத்திச் சொன்னனான்."

"தெரியும்" என்றார் அம்மா. "அந்த டொக்டற்றை முகத்திலை தெரிஞ்சுது. உன்ரை முகத்திலையும் தெரிஞ்சுது." பிறகு கத்தரிக்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "சரி, எப்ப போறம்?" என்றார்.

டொக்டரின் கிளினிக் ஒரு பிளாசாவில், தமிழ்க் கடைக்கும் புடவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. தூரத்துப் பிறம்ரன் நகரிலிருந்துகூட ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். கெட்ட மனிதர் இல்லை. சனிக்கிழமையும் இருப்பார். பதிவு செய்யாமல் வருபவரையும் திருப்பி அனுப்பமாட்டார். அம்மா அவரிடம் போவதென்றால் சேலை உடுத்துத்தான் போவார்.

அம்மா கதிரையின் நுனியில் இருந்தார். நான் தாளை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே வாசித்தார்.

"பிள்ளை என்ன படிக்கிறீர்?"

"உயிரியல், டொக்டர். ரெண்டாம் வருசம்."

"ஊரிலை எவடம்?"

எம்மவர் இந்தக் கேள்வியை ஊரின் பெயரை அறியக் கேட்பதில்லை. ஊரைச் சொன்னால் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும். பக்கத்தைச் சொன்னால், நாங்கள் யார், எங்களோடு எந்தக் குரலில் பேசலாம் என்பது கேட்டவருக்குத் தெரிந்துவிடும். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

"மல்வேர்ன், டொக்டர்" என்றேன். "பஸ் நிக்கிற பக்கம்."

அவர் சிரிக்கவில்லை. "உது வெள்ளைக்காரற்றை வயித்துக்கு எழுதினது."

"கிருமிக்கு ஆர் வெள்ளை, ஆர் தமிழ் எண்டு தெரியாது டொக்டர்."

"அம்மாவுக்கு யோசனை. மகன் அங்கை. அதை அன்ரிபயோட்டிக்காலை மாத்தேலுமோ?"

"யோசனையை மாத்தச் சொல்லிக் கேக்கேல்லை. சோதிக்கச் சொல்லித்தான் கேக்கிறன்."

"ஐயா, பிள்ளை சும்மா..." என்று அம்மா தொடங்கினார். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தாள் எனக்கும் வந்ததுதான் பிள்ளை. நான் படிக்காமல் இருக்கேல்லை. மூண்டு விதக் குளிசை, ஒரு நாளைக்கு நாலு தரம், ரெண்டு கிழமை. எங்கட சனம் முடிக்காது. நாலு நாளிலை சுகம் வரும், நிப்பாட்டிப் போடுங்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுக்குங்கள், அவவுக்கும் வயித்துக்குத்தாம் எண்டு. பாதியிலை விட்டா மருந்து கிருமிக்குப் பழகிப் போகும். பிறகு அந்த மருந்து ஒருத்தருக்கும் உதவாது. உந்தத் தாளை எழுதினவை எங்கட சனத்தைக் கண்டவையோ?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. மருந்து பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அம்மா முடிக்கமாட்டார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று வருடமாக ஒரு நாளும் தவறாமல் அவருடைய குளிசையை விழுங்கியவர் அம்மா.

"அம்மா முடிப்பா" என்றேன். "வெறும் போத்தலை நானே கொண்டு வந்து காட்டுவன்."

"காட்டும், பாப்பம்."

இரத்தச் சோதனைக்கு எழுதினார். கிருமி இருந்தது. மருந்தையும் எழுதினார், வழிகாட்டியில் இருந்த பழைய முறைகளில் ஒன்றை. பிளாசாவைத் தாண்டி வரும்போது எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

ஒக்ரோபர் கடைசி. மூன்று போத்தல்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் ஒரு தாளில் பதினான்கு வரிசை கட்டங்கள் கீறினேன். வரிசைக்கு நாலு கட்டம். உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், விழும் சூரியன், நிலா. விழுங்கியதும் கட்டத்தில் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட வேண்டும். "சாப்பாட்டோடை எடுங்கோ அம்மா, வெறும் வயித்திலை வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்.

ஒரு மருந்து வாயில் செம்புக் காசை வைத்தது போல ருசித்ததாம். இன்னொன்று நாக்கைக் கறுப்பாக்கியது. இரண்டாம் நாள் விடிய அம்மாவை வான் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஏறும்போது அம்மா கொட்டாவி விட, உள்ளே இருந்த அன்ரி ஒருவர் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, நாவல்பழம் எங்கை ஆப்பிட்டது? எங்களுக்குத் தராமல் ஒளிச்சுத் திண்டிருக்கிறியள்!"

"மகள் தந்த பழம்" என்றார் அம்மா. வான் முழுக்கச் சிரித்தது. அம்மா நாக்கை நீட்டி மற்றவர்களுக்கும் காட்டினார். அம்மா அப்படி விளையாடி நான் கண்டதில்லை.

சுவரில் கோயில் கலண்டர் தொங்கியது. நான் அதை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாள் விரதம். அண்ணாவுக்காக அம்மா வருடந்தோறும் பிடிப்பார். சோறு இல்லை, பாலும் பழமும் மட்டும்.

"இந்த முறை விடுங்கோ அம்மா. மருந்து முக்கியம்."

"குளிசையையும் விடமாட்டன், விரதத்தையும் விடமாட்டன்" என்றார். "குளிசை உனக்கு. விரதம் அவனுக்கு."

 குளிசையை விடவில்லை, அது போதும் என்று நினைத்தேன். கட்டங்களில் புள்ளடிகள் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன.

சஷ்டியின் ஐந்தாம் நாள். அம்மா விரதத்தின் கடைசி இரண்டு நாளுக்கு லீவு எடுத்திருந்தார். எனக்கு வகுப்பு பிந்தித்தான். குசினிக்குள் வந்தபோது அம்மா ஒரு சின்னத் தட்டில் குளிசைகளை வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுப் பால். ஒரு மிடறு பால், ஒரு குளிசை. ஒரு மிடறு பால், அடுத்த குளிசை. பூசை செய்வது போல நிதானமாக.

"பாலோடையோ எடுக்கிறியள்?"

"சாப்பாட்டோடை எண்டு நீதானே சொன்னனீ. விரதத்திலை பால்தானே என்ரை சாப்பாடு."

ஏதோ உறுத்த, போத்தல்களை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவதின் பின்பக்கத்தில் விரல்நகம் அளவு ஒரு செம்மஞ்சள் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. பாலுடனோ பாலில் செய்த உணவுகளுடனோ எடுக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில். பால் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேலை செய்ய விடாமல் உடம்புக்கு வெளியே கொண்டுபோய்விடும். வழிகாட்டித் தாளை மனப்பாடம் ஆகும் வரை வாசித்திருந்தேன். அம்மாவின் போத்தலை வாசிக்கவில்லை. ஐந்து நாள்.

"பிழையோ?" என்றார் அம்மா.

"இல்லை" என்றேன். "இனி வெறும் தேத்தண்ணியோடை எடுங்கோ. பால் விடாமல்."

வாழ்க்கையில் இரண்டாம் முறையாக அம்மாவுக்கு ஒரு வசனத்தை மாற்றிச் சொன்னேன். டொக்டருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. 'காட்டும், பாப்பம்' என்ற அந்தக் குரலுக்கு முன்னால் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். பதினான்கு நாள் முடிந்ததும் வெறும் போத்தல்களைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். "ம், நல்லது" என்றார். பாலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வென்றுவிட்டேன் என்றே நடந்தேன்.

அம்மாவுக்கு வயிற்று நோ நின்றது. டிசம்பர் நத்தார் விடுமுறையில் பச்சைமிளகாய் போட்ட சம்பல் சாப்பிட்டார். தை மாதம் நடுவில் ஒருநாள், பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஆஸ்பத்திரி டொக்டரின் வசனம் வார்த்தை வார்த்தையாக நினைவில் வந்தது. ஒரு பானத்தைக் குடித்துவிட்டுப் பைக்குள் ஊதும் சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி அங்கேயேதான் இருந்தது.

மாசியில் திரும்ப டொக்டருக்கு முன்னால் இருந்தோம். பைல் மேசையில் விரித்திருந்தது.

"நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார் அவர். கோபமாக இல்லை, களைப்பாக. "அம்மா, இடையிலை நிப்பாட்டினனீங்களோ?"

"இல்லை ஐயா. ஒண்டும் விடேல்லை."

"சரி, சரி."

அந்த 'சரி, சரி' எனக்குத் தெரியும். பிள்ளைகள் பொய் சொல்லும்போது பெரியவர்கள் சொல்வது. அம்மாவின் முகம் சுருங்கியது. கைப்பையைத் திறந்தார். உள்ளே இருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாள். சூரியன், சூரியன், சூரியன், நிலா. எல்லாக் கட்டத்திலும் புள்ளடி. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாள் நிலத்தில் இருந்த என் அம்மா, தன் வாழ்க்கையில் எழுதி முடித்த ஒரே தாள் அது. இத்தனை மாதமாக அதை எறியாமல் வைத்திருந்திருக்கிறார்.

நான் பைலைப் பார்த்தேன். எனக்குத் தலைகீழாக இருந்த பக்கத்தில், மை காயாத வரியில், ஆங்கிலத்தில் இருந்தது: நோயாளி முடிக்கவில்லை. திரும்பக் கொடுத்துப் பயனில்லை.

எத்தனை பைல்களில் இந்த வரியைக் கண்டு நாலைப் போட்டிருப்பேன். அறையில் யாரும் அதைத் திரும்பக் கேட்பதில்லை. பைலில் உள்ளது உள்ளதுதான். நாளைக்கு வேறொருத்தி ஜன்னல் இல்லாத அறையில் இருந்து என் அம்மாவுக்கும் நாலைப் போடுவாள்.

"டொக்டர், உந்த வரி பிழை. வெட்டுங்கோ."

"எந்த வரி?"

"நோயாளி முடிக்கேல்லை எண்ட வரி."

அவர் கையால் பைலை மறைத்தார். "உமக்கு எப்பிடி..."

"தலைகீழாயும் வாசிப்பன். அதுதான் என்ரை வேலை. அம்மா எல்லாம் முடிச்சவ. அஞ்சு நாள் பாலோடை எடுத்தவ. சஷ்டி விரதம். பாலோடை எடுக்கக்கூடாதெண்டு நீங்கள் அம்மாவுக்குச் சொல்லேல்லை. நான் போத்தலை வாசிக்கேல்லை. கண்டுபிடிச்ச பிறகும் உங்களுக்கு வந்து சொல்லேல்லை, வெக்கத்திலை. பிழை படிச்ச ஆக்கள் ரெண்டு பேரிலை. படியாத ஆளிலை எழுதாதேங்கோ."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிகிறது.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "உம்மடை பிழையையும் பைலிலை எழுதச் சொல்லுறீரோ?"

"ஓம். மகள் வாசிக்கேல்லை எண்டு எழுதுங்கோ."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "விரதமெண்டு எனக்கு ஏன் அம்மா சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை ஐயா" என்றார் அம்மா.

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. மூன்று வருடமாக உறைப்பைப் பற்றியும் யோசனையைப் பற்றியும் சொல்லப்பட்டிருக்கிறது, ஒன்றும் கேட்கப்பட்டதில்லை. நானும் கேட்கவில்லை. நானும் சொல்லத்தான் செய்தேன்.

அவர் சூரியன் போட்ட தாளைத் தன் பக்கம் இழுத்து, வரிசை வரிசையாக விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே எழுதினார். நான் தலைகீழாக வாசித்தேன். 'முழுவதும் எடுத்தார். ஐந்து நாள் பாலுடன். அறிவுறுத்தப்படவில்லை.' மகளைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்குச் செய்த சலுகையா, எழுதத் தகுந்த விஷயம் என்று அவருக்குப் படவில்லையா என்று தெரியாது. நான் சலுகை கேட்டுப் போகவில்லை.

இரண்டாம் முறைக்கு வழிகாட்டி சொல்லும் மருந்தை எழுதினார். இது ஒரு கிழமை, ஒரு நாளைக்கு இரண்டு தரம். எழுதி முடித்துவிட்டு, என்னிடம் இல்லாமல் அம்மாவிடமே தாளை நீட்டினார். "எப்ப தொடங்குறியள் அம்மா? விரதம் ஒண்டும் வருகுதோ?"

அம்மா யோசித்தார். "சிவராத்திரி வருகுது ஐயா. அது முடியத் தொடங்குறன்."

"நல்லது. அது முடியத் தொடங்குங்கோ."

வெளியே பனி அழுக்காகக் குவிந்திருந்தது. பஸ் தரிப்பில் அம்மா என்னை விட்டுத் தள்ளி நின்றார். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான், "இனி எனக்கு ஒண்டையும் மாத்திச் சொல்லாதை" என்றார். நான் ஓம் என்றேன். அதை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன்.

அடுத்த கிழமை ஆய்வு அறையில், படிவத்தில் ஒரு கேள்வி கூட்ட வேண்டும் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொன்னார்களா, நோயாளியிடம் எதையாவது கேட்டார்களா என்று. ஆய்வின் நடுவில் படிவத்தை மாற்ற முடியாது என்றார். அது சரிதான், நியாயம் எனக்கு விளங்கியது. நான் நாலாம் இலக்கம் போட்ட படிவங்களின் ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதினேன்: 'யாராவது கேட்டார்களா?' அவர் கண்டுபிடித்து அழிக்கச் சொன்னார். அழித்தேன். அடுத்த நாள் வந்த பைல்களில் திரும்ப எழுதினேன். மூன்றாம் முறை அவர் அழிரப்பரை என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவற்றை நான் அழிக்கவில்லை. அந்தப் படிவங்கள் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் பென்சில் எழுத்தோடு இருக்கும்.

அம்மா சிவராத்திரி முடிந்து மருந்தைத் தொடங்கினார். இந்த முறை போத்தலைச் சுற்றி இருந்த ஒவ்வொரு துண்டையும் நான் வாசிக்க, அம்மா பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டார். தேத்தண்ணிக்குப் பால் விடலாமோ? வாழைப்பழம்? தவறணையில் விற்கும் கள்ளுச் சாராயத்தைத் தவிர எல்லாவற்றையும் கேட்டார். வெயில் காலம் தொடங்கும்போது திரும்பவும் பைக்குள் ஊதினார். கிருமி இல்லை.

அண்ணாவிடமிருந்து அப்போதும் கடிதம் வரவில்லை. அம்மா கலண்டரைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதும் தபால் பெட்டியைத் திறந்து மூடுவதும் முன்போலத்தான். ஒரு விடியற்காலை வானடியில் நிற்கும்போது, நாவல்பழம் கேட்ட அதே அன்ரி அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"புண் மாறிட்டுதாமே அக்கா! அப்ப மகன் காயிதம் போட்டிட்டானோ?"

"இல்லை" என்றார் அம்மா, வானில் ஏறிக்கொண்டே. "அவன் போடேல்லை. புண் கிருமியாலை வந்தது. நீயும் போய்ச் சோதி. டொக்டர் சோதிக்கமாட்டன் எண்டா என்ரை மகளைக் கூட்டிக்கொண்டு போ."